வௌவால் மரத்தை வெட்டலாமா?

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு நண்பகல், குளக்கரை மருதமரத்தின் அடியில் விழுந்து கிடந்த பழந்தின்னி வௌவால் குட்டி ஒன்றைப் பள்ளிச் சிறுவன் ஒருவன் துண்டில் சுருட்டிக்கொண்டு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தான். வெயில் தாங்காமல் விழுந்திருக்கும், கொஞ்சம் தண்ணீர் காட்டினால் பிழைத்துக்கொள்ளும் என்பது அவன் நம்பிக்கை. நான் முதலில் குட்டியைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்தேன். வலது கட்டைவிரலின் ஓரத்தில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள் இருந்தன. குழாயடிக்கு அழைத்துச் சென்று, சோப்பு போட்டு, கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவவைத்து, அவன் தாயை வரவழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சீட்டு மாலைக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது. இருட்டுவதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "டாக்டரம்மா, அந்த வௌவால் கடிச்சா வெறி பிடிக்குமாமே? மரத்தையே வெட்டிப்புடலாமான்னு பசங்க பேசிக்கிறாங்க" என்றார். அந்த மருதமரத்தில் அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே வௌவால்கள் தொங்குகின்றன. அவற்றுக்காகத் தீபாவளிக்குக் குளக்கரைப் பக்கம் எவரும் வெடி வெடிப்பதில்லை. வெட்ட வேண்டாம் என்று மட்டும் அன்று சொல்லி அனுப்பினேன். ஏன் வெட்டக்கூடாது என்பதை வாசற்படியில் நின்றபடி சொல்லிமுடிக்க முடியாது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

இந்த நோயை நான் ஏட்டில் மட்டும் படித்தவள் அல்ல. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், மாடு தீனி எடுக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, மாங்கொட்டை தொண்டையில் அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று சொல்லி ஒருவர் அழைத்துப் போனார். வெறுங்கையை முழங்கை வரை அந்தப் பசுவின் வாய்க்குள் விட்டுத் துழாவினேன். அங்கே எதுவும் அடைத்திருக்கவில்லை. விழுங்க உதவும் தசைகள் செயலிழந்திருந்தன. இரண்டாம் நாள் அதன் குரல் மாறி, அடித்தொண்டையிலிருந்து ஓயாமல் கதறத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. மூளைத் திசுவைச் சோதித்ததில் வெறிநோய் உறுதியாயிற்று. சில வாரங்களுக்கு முன் அந்தத் தொழுவத்துக்குள் ஒரு தெருநாய் நுழைந்தது அதன்பிறகே வீட்டாருக்கு நினைவு வந்தது. முன்பே தடுப்பூசி போட்டிருந்ததாலும், உடனே மேலும் போட்டுக்கொண்டதாலும் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொண்டை அடைப்பு என்று நான் ஏமாந்ததைப் போலவே, நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தீவே ஏமாந்தது. தென்னமெரிக்காவின் வடகரையை ஒட்டியுள்ள டிரினிடாடில் 1925 முதல் மாடுகள் பின்னங்கால் தளர்ந்து விழுந்து இறந்தன. கெட்டுப்போன தீவனத்தின் நச்சு என்று கருதினார்கள். 1929இல் மனிதர்களும் அதேபோல இறக்கத் தொடங்கினார்கள். காலில் தொடங்கிய மரமரப்பு மேலேறி, உடல் செயலிழந்து, சில நாட்களில் உயிர் போயிற்று. இளம்பிள்ளைவாதம் என்ற ஐயம் எழுந்தது. வெறிநோய் என்று எவரும் நினைக்காததற்குக் காரணம் இருந்தது: தீவின் நாய்களில் அந்த நோய் இல்லை, இறந்தவர்களை நாய் கடித்திருக்கவும் இல்லை. அந்தத் தீவிலேயே பிறந்து அங்கேயே அரசு நுண்ணுயிரியலாளராக இருந்த ஜோசப் லெனாக்ஸ் பவான், இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நரம்பு உயிரணுக்களுக்குள் நெக்ரி உடல்கள் என்னும் சிறு உருண்டைகள் தெரிந்தன. அவை வெறிநோயின் முத்திரை. 1932இல் நோய்த்தொற்று கொண்ட இரத்தம் குடிக்கும் வௌவாலையே அவர் பிடித்துக் காட்டினார். அந்த நோய் அடங்குவதற்குள் தீவில் 89 பேர் இறந்திருந்தார்கள். உறங்குபவரின் கால்விரலில் வலி தெரியாமல் பல் பதித்து வௌவால் இரத்தம் குடித்திருக்கிறது. மரமரப்பு காலில் தொடங்கியதன் காரணம் அதுதான்.

பவானுக்கு முன்பே இதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. பிரேசிலின் சாந்தா கத்தரீனாவில் மாடுகளும் குதிரைகளும் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தபோது, பட்டப்பகலில் வௌவால்கள் வந்து மாடுகளைக் கடிப்பதை உழவர்கள் கண்டார்கள். சாவோ பாவ்லோவின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த அந்தோனியோ கரீனி, நோய் வெறிநோய்தான் என்று நிறுவி, உழவர்களின் பேச்சில் உண்மை இருக்கலாம் என்று 1911இல் எழுதினார். ஐரோப்பிய அறிஞர்கள் அதை நம்பவில்லை. மாட்டுக்காரன் சொல்வதை முதலில் முழுவதுமாகக் கேள் என்று எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியரை, கரீனியின் கதையைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இரத்தம் மட்டுமே குடித்து வாழும் வௌவால் இனங்கள் உலகிலேயே மூன்றுதான். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் உள்ளவை. நம் ஊர்க் கோயில் மண்டபங்களிலும் பாழடைந்த வீடுகளிலும் தொங்கும் எந்த வௌவாலும் இரத்தம் குடிப்பதில்லை. அந்த மூன்றில் எங்கும் பரவலாக இருக்கும் இனம் மெக்சிகோ தொடங்கி அர்ஜென்டினாவின் வடபகுதி வரை வாழ்கிறது. ஏறக்குறைய நம் கட்டைவிரல் நீள உடல், முப்பது நாற்பது கிராம் எடை. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து இரத்தம் கிடைக்காவிட்டால் இறந்துவிடும் உயிர் அது. ஆகவே பசித்து வந்த தோழிக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. கோஸ்டா ரிகாவில் ஆய்ந்த ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் இதை வெளியிட்டார். பகல் நேரத்தில் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்வதும் அவற்றின் பழக்கம். இந்த நக்கும் பழக்கத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வருவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

அந்தப் பழக்கத்தை முதலில் கொலைக்குப் பயன்படுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் மெக்சிகோவில் ஒரு முறை உருவாயிற்று. இரவில் தொழுவத்தருகே வலை கட்டி வௌவாலைப் பிடித்து, இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைப் பசைபோலக் குழைத்து அதன் முதுகில் தடவி விட்டுவிடுவார்கள். அது தன் இருப்பிடத்துக்குத் திரும்பும். கூட்டத்தார் அதை நக்குவார்கள். நக்கியவை எல்லாம் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். மாட்டை இழந்த உழவரின் கோபத்தை நான் அறிவேன். ஒரு கறவை போனால் ஒரு வீட்டின் ஆண்டு வருமானம் போவதை எங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே அதைச் செய்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது வேலை செய்ததா என்ற கேள்வியை நெடுங்காலம் எவரும் முறையாகக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் பெரு நாட்டில் பணியாற்றிய குழுவினர். டேனியல் ஸ்டிரைக்கர் தலைமையிலான அந்த ஆய்வர்கள் கடற்கரை, ஆண்டீஸ் மலை, அமேசான் என மூன்று நிலங்களிலும் குகை குகையாகச் சென்று வௌவால்களைப் பிடித்து, இரத்தம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். இரத்தத்தில் வெறிநோய்க்கு எதிர்ப்பொருள் இருந்தால் அந்த வௌவாலை வைரஸ் தீண்டிச் சென்றிருக்கிறது, அது பிழைத்திருக்கிறது என்று பொருள். 2012இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, விஷப்பசையை நம்பியிருந்த அனைவரையும் நிறுத்தி யோசிக்க வைத்திருக்க வேண்டும். கூட்டம் பெரிதா சிறிதா என்பதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. ஒருபோதும் கொல்லப்படாத கூட்டங்களில்தான் தொற்றின் தடயம் மிகக் குறைவு. அவ்வப்போது கொல்லப்பட்ட கூட்டங்களில்தான் மிக அதிகம். மூத்த வௌவால்களைவிட இளையவற்றிலேயே தொற்றின் தடயம் கூடுதலாக இருந்தது. ஆனால் தொழுவத்துக்கு வந்து, பசை தடவப்பட்டுப் போய், கூட்டத்தில் முதலில் சாகிறவை பெரும்பாலும் மூத்தவை. அவை போன இடத்தில் அடுத்த குகையிலிருந்து புதியவை வந்து சேர்கின்றன; வைரஸும் கூடவே வருகிறது.

அடுத்த ஆண்டு வந்த மற்றொரு ஆய்வு இதன் உட்பொறியை இன்னும் தெளிவாக்கியது. தொற்றும் வௌவால்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றே நோயுற்று இறக்கிறது. மற்றவை எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகின்றன. எனவே ஒரே குகைக்குள் வைரஸ் நீடித்து வாழ முடியாது. குகைக்குக் குகை வௌவால்கள் போய்வந்தால்தான் அது நிலைக்கும். 2016இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, புதிய இடங்களுக்கு வைரஸைச் சுமந்து செல்பவை பிறந்த கூட்டத்தை விட்டு அலையும் ஆண் வௌவால்கள் என்று தெரிந்தது. 2023இல் வெளியான ஆய்வோ நேரடியாகவே கொலையின் விளைவை அளந்தது: வைரஸ் வருவதற்கு முன்பே வௌவால்களைக் குறைத்தால் பரவல் சற்றுத் தாமதமாகிறது, வந்தபிறகு கொன்றால் பரவல் வேகமெடுக்கிறது. மாடு செத்தபிறகு கோபத்தில் செய்யும் கொலை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உழவர் உலகில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஐரோப்பா இந்தப் பாடத்தை நரியிடம் கற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போலந்துப் பக்கம் தொடங்கிய நரி வெறிநோய் ஆண்டுதோறும் மேற்கு நோக்கி நகர்ந்தது. சுட்டார்கள், வளைகளுக்குள் நச்சுப்புகை செலுத்தினார்கள், நோய் நிற்கவில்லை. 1978 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் ஒரு புதுமையான காரியம் நடந்தது. பெர்ன் நகரத்து ஃபிரான்ஸ் ஸ்டெக் குழுவினர், இறைச்சிக்கூடங்களில் மிஞ்சிய கோழித்தலைகளுக்குள் வலுக்குறைத்த வைரஸ் தடுப்பு மருந்தை வைத்து, பள்ளத்தாக்கின் குறுக்கே பரப்பினார்கள். நரி தலையைக் கடிக்கும், மருந்து வாய்க்குள் உடையும், நரிக்கு எதிர்ப்பாற்றல் வரும். வந்துகொண்டிருந்த நோய் அந்த வேலியைத் தாண்டவில்லை. ஸ்டெக் இந்தப் பணியின் முழு வெற்றியைப் பார்க்கவில்லை; 1982இல் மருந்து பரப்பும்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். சுவிட்சர்லாந்து 1999இல் வெறிநோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. காட்டு நரிக்கு ஊசி போட முடியாது என்ற இடத்தில், நரியின் வாயையே வழியாக்கிய மனிதரை என் துறையின் பெரியோர்களுள் ஒருவராக வணங்குகிறேன்.

நரிக்கு வாய் என்றால் வௌவாலுக்கு நாக்கு. விஷப்பசை போன அதே வழியில் தடுப்பு மருந்து ஏன் போகக்கூடாது? பெருவில் இதைச் சோதிக்க முதலில் மருந்தில்லாத பசையைத் தடவினார்கள். அதில் ரோடமின் என்னும் சாயம் மட்டும் கலந்திருந்தது. அந்தச் சாயத்தை விழுங்கிய வௌவாலின் முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒளிரும். ஆகவே எந்தெந்த வௌவால்கள் பசையை நக்கின என்பதை முடியே சொல்லிவிடும். 2019இல் வெளியான கணக்கின்படி, இப்படி நாக்கு வழியாகப் பரவும் மருந்து, பரவாத மருந்தைவிடக் கூட்டத்தின் எதிர்ப்பாற்றலை 2.6 மடங்கு வரை கூட்டக்கூடும். அம்மை வகை வைரஸ் ஒன்றில் வெறிநோய் வைரஸின் புறப்புரதத்தை ஏற்றி உருவாக்கிய தடுப்பு மருந்தைப் பசையாகத் தடவி, அமெரிக்கக் காட்டுயிர் ஆய்வுக்கூடங்களில் வௌவால்களைக் காப்பாற்றியும் காட்டியிருக்கிறார்கள். குகைகளில் பரவலாகச் செய்யும் நாள் இன்னும் வரவில்லை. அது வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இதற்கிடையே அமேசான் காட்டிலிருந்து வந்த ஒரு செய்தியையும் சொல்லாமல் விட முடியவில்லை. வௌவால் கடிப்பது அன்றாடமாகிப்போன இரண்டு பெருவிய ஊர்களில் 63 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 7 பேரிடம் வெறிநோய் எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களில் ஒருவர் மட்டுமே முன்பு தடுப்பூசி போட்டவர். நோய் வந்தால் சாவு என்று படித்த எங்களுக்கு இது வியப்பு. இதைக் கேட்டு எவரும் ஊசியைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது; அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி எங்கள் மருதமரத்துக்கு வருகிறேன். அதில் தொங்குபவை பழமும் பூந்தேனும் உண்பவை. மாட்டையோ மனிதரையோ தேடி வந்து கடிப்பவை அல்ல. நம் நாட்டில் வெறிநோயால் இறப்பவர்களில் ஏறக்குறைய எல்லாரும் நாய்க்கடியால் இறப்பவர்களே. அப்படியிருக்க அந்தச் சிறுவனை ஏன் ஊசிக்கு அனுப்பினேன் என்றால், எனக்குத் தெரிந்த இரண்டு செய்திகள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

முதலாவது ஆஸ்திரேலியாவுடையது. நாய் வெறிநோய் இல்லாத அந்தக் கண்டத்தில், 1996 மே மாதம், நியூ சவுத் வேல்ஸின் பலினா என்னும் ஊரில், பறக்க முடியாமல் கிடந்த கருநிறப் பழந்தின்னி வௌவால் ஒன்றின் மூளையில் வெறிநோய் வைரஸின் நெருங்கிய உறவான புதிய வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. வேறொரு வைரஸைத் தேடி வௌவால்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது அது. அதே ஆண்டு, வௌவால்களைப் பராமரித்துவந்த பெண்மணி ஒருவர் அந்த நோயால் இறந்தார். கடிபட்டு 27 மாதம் கழித்து மற்றொரு பெண்மணி இறந்தார். 2013இல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். 2025 வரை மொத்தம் நால்வர். நலமாகத் திரியும் வௌவால்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றிடமே இந்த வைரஸ் இருக்கிறது. ஆனால் விழுந்து கிடப்பவற்றிடம் அந்த விகிதம் கூடுகிறது, மனிதக் கை படுவதும் விழுந்து கிடப்பவற்றின் மேல்தான். மரத்தில் தொங்கும் ஆயிரத்தைவிடத் தரையில் கிடக்கும் ஒன்றிடம்தான் கவனம் வேண்டும்.

இரண்டாவது நமக்கு இன்னும் அருகில் உள்ளது. இலங்கையில் கண்டிக்கு அருகே, பேராதனையை அடுத்த கன்னொறுவையில், நோயுற்றும் இறந்தும் கிடந்த பழந்தின்னி வௌவால்களின் மூளைகளை அந்நாட்டு ஆய்வர்கள் சோதித்தபோது, 2015இல் அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்று அகப்பட்டது. 2016இல் கன்னொறுவை வௌவால் லிஸ்ஸா வைரஸ் என்ற பெயரோடு அது அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலிய வைரஸுக்கும் வெறிநோய் வைரஸுக்கும் அது நெருங்கிய சொந்தம். அந்த வௌவால் இனமும் எங்கள் குளக்கரை இனமும் ஒன்றே. மனிதர் எவருக்கும் அது தொற்றியதாகப் பதிவில்லை. தமிழ்நாட்டு வௌவால்களிடம் அது இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே விழுந்து இறக்கும் வௌவால்களின் மூளையை ஒழுங்காகச் சோதித்துவரும் ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

லிஸ்ஸா என்பது வெறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அந்தக் குடும்பத்தில் இன்று பதினேழு இனங்களுக்குமேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை வௌவால்களிடம் வாழ்பவை. 1956இல் நைஜீரியாவின் லாகோஸ் தீவில் வைக்கோல்நிறப் பழந்தின்னி வௌவாலிடம் ஒன்று. 1968இல் அதே நாட்டின் இபாதான் நகரத்து மொகோலாப் பகுதியில் மூஞ்சூறுகளிடம் ஒன்று. 2009இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஒரு புனுகுப்பூனையிடம் ஒன்று. நாம் போடும் தடுப்பூசி நாய் வைரஸ், ஆஸ்திரேலிய வைரஸ், கன்னொறுவை வைரஸ் அடங்கிய முதல் கிளைக்கு எதிராகக் காப்பதாகக் கருதப்படுகிறது. லாகோஸ், மொகோலா போன்ற தூரத்து உறவினர்களிடம் அது பெரிதும் தோற்றுவிடுகிறது. ஜிம்பாப்வேயில் முறையாக ஊசி போடப்பட்ட பூனைகள் மொகோலா வைரஸால் இறந்திருக்கின்றன. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஒரு தடுப்பூசிக்காக ஆய்வுக்கூடங்களில் முயற்சி நடக்கிறது.

மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று பெரியவருக்கு மறுநாள் விளக்கினேன். ஒரே மரத்தில் தொங்கும் கூட்டம் கலைந்து பத்து ஊர்த் தோப்புகளுக்குப் போகும். புது இடத்தில் இரையும் இடமும் கிடைக்காமல் நலிந்து விழுபவை கூடும். விழுந்தவற்றைக் கையால் எடுக்கும் சிறுவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பெரு நாட்டு ஆய்வு வேறொரு வௌவாலைப் பற்றியதுதான். அதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது என்பதையும் சொன்னேன். ஆனால் கூட்டத்தைக் கலைத்து நோயை ஒழித்த கதை ஒன்றைக்கூட என் படிப்பில் நான் கண்டதில்லை. அவர் நெடுநேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நாய்க்குத்தான் ஊசி போடணும்ங்கிறீங்க" என்றார். ஆம் என்றேன். அந்த வாரக் கடைசியில் ஊரில் 43 நாய்களுக்குப் போட்டோம். பிடிக்க உதவியவர்களில் மரத்தை வெட்டச் சொன்ன இளைஞர்களும் இருந்தார்கள்.

அந்தக் குட்டி அன்றிரவே இறந்துவிட்டது. மூளையை எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனையில் வைரஸ் இருந்தால் கண்ணாடித் தகட்டில் பச்சைப் புள்ளிகள் மின்னும். ஒன்றும் மின்னவில்லை என்று பதில் வந்தது. வெயில்தான் அதைக் கொன்றிருக்க வேண்டும். சிறுவன் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுமுடித்தான்.

இந்தச் சித்திரையிலும் வெயில் கடுமை. சென்ற வாரம் மருந்தகத்தைத் திறக்கும்போது அவன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றான். "டாக்டரம்மா, மரத்தடியில ஒண்ணு விழுந்திருக்கு. நான் தொடல. நாய் கிட்ட வராம தம்பிய நிக்க வெச்சிருக்கேன்" என்றான். தோல் கையுறையையும் ஒரு அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.